மயக்கியது ‘சுமங்கலி’ அல்ல

போன வருஷம் மதுரையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். விளம்பரம் எழுதுவது எப்படி என்று ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கோவில்பட்டியில் இருபது வருஷமாக நோட்டீஸ் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, புதிதாகத் திறக்கிற பல் ஆஸ்பத்திரி, மைக் கட்டிய ஆட்டோவில் ஓடுகிற அறிவிப்பு என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாமே என்றுதான் போனேன். வகுப்பு எடுத்தவர் நன்றாகவே பேசினார். மத்தியானத்துக்கு மேல் பலகையில் ஒரு வரி எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்: வாங்குகிறவன் யோசிப்பதில்லை, உணர்கிறான். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். “சரியான சொல், சரியான உணர்ச்சி. இந்த ரெண்டும் கைக்கு வந்துட்டா எதையும் வித்துரலாம். கிராமத்து ஜனங்ககிட்ட இன்னும் ஈசி.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை அந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் முள்ளாக நின்றது.

இது அவர் ஒருவருடைய கருத்து என்றால் விட்டுவிடலாம். விளம்பரம் செய்கிறவர்கள் பெருமையாகவும், விளம்பரத்தைத் திட்டுகிறவர்கள் கோபமாகவும் சொல்வது இதைத்தான். இனிப்பான சொல்லைக் கேட்டால் ஜனங்கள் மயங்கிவிடுவார்கள், அழவைத்தால் பையைத் திறந்துவிடுவார்கள், பயமுறுத்தினால் ஓடிவந்து வாங்குவார்கள் என்று இரண்டு தரப்பும் நம்புகிறது. ஒருவர் அதைத் தொழில் ரகசியம் என்கிறார், மற்றவர் சமூகக் கேடு என்கிறார். வாங்குகிறவன் ஏமாளி என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கு இருக்கிறது. இந்தக் கரிசல் மண்ணில் நான் பார்த்தது வேறு.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் போய் நின்று பார்த்தால் போதும். விற்கிறவர் கிடாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, கட்டிப்போட்டு வளர்த்ததில்ல, காட்டுல மேஞ்ச உருப்படி, பிள்ளை மாதிரி வளர்த்தது” என்கிறார். வாங்க வந்தவர் பதிலே சொல்வதில்லை. குனிந்து உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கிறார். விரல் நுனியால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டே போகிறார். பின்தொடையைக் கையால் வளைத்துப் பிடிக்கிறார். ஒரு தூக்குத் தூக்கி இறக்குகிறார். மழைக்காலம் என்றால் குளம்பிடுக்கைப் பார்க்கிறார். காட்டில் மேய்ந்த ஆடாக இருந்தால் அங்கே கரிசல் அப்பியிருக்கும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறார். “பதிமூணு கிலோ நிக்கும்னு சொல்லுதீரு. பதினொண்ணுக்கு மேல நிக்காது.”

‘பிள்ளை மாதிரி’ என்ற சொல் அவர் காதில் விழாமல் இல்லை. ‘காட்டுல மேஞ்ச’ என்ற சொல்லும் விழுந்தது. விழுந்ததனால்தான் குளம்பைப் பார்த்தார். விற்கிறவரின் சொல் அவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது. அந்தச் சொல்லின் வேலை அவ்வளவுதான். அதை மயக்கம் என்று சொன்னால், மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து, ஒரு சொல்லும் பேசாமல் விலை படிகிறார்களே, அதை என்ன சொல்வது?

தீப்பெட்டிக்கு வருகிறேன். 1923இல் சிவகாசியில் தொடங்கிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவி, மழையை நம்பி உட்கார்ந்திருந்த வீடுகளுக்கு வாரக்கூலி கொடுத்தது. நூறு வருஷமாக நாடு முழுக்க விற்கிற இந்தப் பொருளின் மேல் என்ன எழுதியிருக்கிறது? மயில், கிளி, மான் என்று ஒரு படம், கம்பெனிப் பெயர், குச்சி எண்ணிக்கை, விலை. ‘உங்கள் இல்லத்தின் ஒளி’ என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. எழுத்து தெரியாதவர்களும் கடையில் “மயில் குடு” என்று கேட்டு வாங்கினார்கள். 2007இல் ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. பதினாலு வருஷம் விலை ஏறவில்லை, சொல்லும் ஏறவில்லை, பெட்டி மட்டும் விற்றது.

என் அத்தை பதினைந்து வருஷம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். சட்டத்தில் குச்சி அடுக்கி அடுக்கி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். ஐப்பசி அடைமழையில் அவள் தெருவுக்குச் சொல்கிற சேதிதான் எங்கள் வீட்டு விளம்பரம். “இந்த வாரம் எங்க ஆபீஸ் மருந்து சரியில்ல, நமுத்துப் போகுது, வேற படம் வாங்குங்க” என்பாள். தான் கூலி வாங்குகிற ஆபீஸின் பெட்டியைத் தானே வேண்டாம் என்று சொன்னதனால், அடுத்த மாதம் “இப்ப நல்லாருக்கு” என்று அவள் சொன்னபோது தெரு நம்பியது. ஈரக்காற்றில் முதல் உரசலில் பற்றுகிறதா என்பதுதான் ஒவ்வோர் அடுப்படியிலும் நடந்த பரீட்சை. அதில் தோற்ற மயிலைத் தோகை காப்பாற்றியதில்லை.

கடலை மிட்டாய்க் கதையும் அப்படித்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் ‘அசல்’ என்று போட்டிருக்கும், அல்லது ‘ஒரிஜினல்’ என்று போட்டிருக்கும். எல்லோரும் போட்டதனால் அந்தச் சொல்லை இன்றைக்கு யாரும் படிப்பதே இல்லை. தேய்ந்துபோனது ‘அசல்’, ‘கோவில்பட்டி’ தேயவில்லை. உணர்ச்சியைத் தூண்டும் அடைமொழிதான் விற்கிறது என்றால் ‘அசல்’ அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? வெறும் ஊர்ப்பெயர் ஏன் ஜெயித்தது? அந்தப் பெயருக்குள் கடித்துப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. இந்த மண்ணின் நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர், சரியான பாகுப்பதம் எல்லாம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தபோது சட்டம் ஒப்புக்கொண்டதும் இதைத்தான். வேறு ஊரில் செய்து இந்தப் பெயரைப் போட்டால் இனி அது குற்றம். அடைமொழியை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். பெயருக்கு ஆள் இருக்கிறது.

உணர்ச்சியே வேலை செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. நிச்சயம் செய்கிறது. ஆனால் அது சொல்லிலிருந்து பிறப்பதில்லை. இதைத் தமிழில் மிகப் பழைய காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது. சொல்வதோடு நிற்காமல் ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நான்கு நான்கு காரணம் கொடுக்கிறது. அச்சம் என்றால் அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அழுகை என்றால் இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. எல்லாம் வாழ்க்கையில் எதிரே வந்து நிற்கிற காரியங்கள். நல்ல சொல்லைக் கேட்டதனால் வருகிற அச்சம் என்று அந்தப் பட்டியலில் ஒன்று இல்லை.

2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது இதை நேரிலேயே பார்த்தோம். ஒரு வாரத்துக்குள் ஊர் ஊருக்கு மருந்து நோட்டீஸ் வந்தது. ‘பயிரைக் காப்பாற்ற கடைசி வாய்ப்பு’ என்கிற மாதிரி வாசகங்கள். சம்சாரிகள் பயந்தது உண்மை. பயந்தது நோட்டீஸைப் பார்த்தல்ல, குருத்தைப் பிரித்தால் உள்ளே மரத்தூள் மாதிரி எச்சமும் அதற்குள் நெளிகிற புழுவும் இருந்ததைப் பார்த்து. அந்தப் பயத்திலும் முதலில் மருந்து அடித்தவன் காட்டுக்குப் போய் நாலு நாள் கழித்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவன் கடைக்குப் போனான்.

“சரிப்பா, சொல்லும் உணர்ச்சியும் சாதித்ததே இல்லையா?” என்று கேட்கிறவர்கள் உடனே கப்பலை இழுத்துக்கொண்டு வருவார்கள். நம்ம ஓட்டப்பிடாரத்து வ.உ.சி.யின் கப்பலைத்தான். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அதுவரை ஏகபோகமாக ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு போவதாகவும், கூடக் குடை தருவதாகவும் சொன்னது. அப்படியும் ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். இலவசத்தை ஒரு சொல் தோற்கடித்ததே, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பார்கள்.

நானும் இதை ஒப்புக்கொள்கிறேன், முழுக் கதையையும் சொல்லிவிட்டு. வ.உ.சி. 1908 மார்ச் 12ஆம் தேதி கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தூத்துக்குடியில் வேலைநிறுத்தம். ஜூலையில் நாற்பது வருஷத் தண்டனைத் தீர்ப்பு. ‘சுதேசி’ என்ற சொல்லுக்கு அந்த வருஷத்தைப்போல உணர்ச்சி முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. சொல்லும் உணர்ச்சியும்தான் விற்கும் என்றால் 1908க்குப் பிறகு அந்தக் கப்பலில் நிற்க இடமிருந்திருக்கக் கூடாது. நடந்தது என்ன? 1911க்குள் கம்பெனியே மூழ்கிப்போனது. சொல் அப்படியே இருந்தது, அதற்குப் பொறுப்பேற்று நின்ற ஆள் சிறையில் செக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பங்குப் புத்தகத்தோடு ஊர் ஊராக அலைந்த மனிதர், கப்பலோடு வருவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று பம்பாய்க்குக் கிளம்பிய மனிதர், அந்தச் சொல்லுக்குத் தன் உடலையே பிணையாகக் கொடுத்திருந்தார். ஜனங்கள் நம்பியது பிணையை. அரசாங்கத்துக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. சொல்லுக்கு எதிர்ச்சொல் தேடி அது நேரத்தை வீணாக்கவில்லை, ஆளைத் தூக்கிக்கொண்டு போனது.

எட்டயபுரத்துப் பாரதியை இந்த விஷயத்தில் யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். 1920இல் அவர் தன் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 படி அச்சிடத் திட்டம் போட்டு, பணம் கேட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சாதாரணமாகத் தன் புத்தகங்கள் விற்கும் என்று அதில் நம்பிக்கையோடு எழுதினார். தமிழில் அந்த நூற்றாண்டில் சொல்லைத் தேர்ந்தெடுக்க அவரைவிட யாருக்குத் தெரியும்? உணர்ச்சியை எழுப்ப அவரைவிட யார்? பணம் வரவில்லை. புத்தகங்களும் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவரே இல்லை. சொல்லின் பலத்தால் எதையும் விற்கலாம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்த ஒரு தோல்விக்குப் பதில் சொல்லட்டும். எனக்கு அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

அப்படியானால் ஜனங்கள் ஏமாறுவதே இல்லையா? ஏமாறுகிறார்கள். நிறைய ஏமாறுகிறார்கள். எந்தச் சொல்லால் ஏமாறுகிறார்கள் என்பதில்தான் நான் சண்டை போடுகிறேன்.

நகைக்கடன் விளம்பரங்களைப் பாருங்கள். ‘வட்டி வெறும் 1 ரூபாய்.’ இதில் என்ன உணர்ச்சி இருக்கிறது? ஒரு எண், அவ்வளவுதான். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12 சதவீதம். அதையே 12 சதவீதம் என்று பெரிதாகப் போட்டால் பக்கத்து வங்கியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் ஒரு ரூபாய் என்று போடுகிறார்கள். தவணையில் டிவி விற்கிறவர்கள் 0 சதவீத வட்டி என்று எழுதி, வட்டியை வேறு பெயரில் கட்டணமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2013இல் ரிசர்வ் வங்கியே அதைக் கண்டிக்க வேண்டி வந்தது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்து ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தார்களே, அவர்களைக் கவிழ்த்தது கண்ணீர்க் கதையா? மாதம் இவ்வளவு, வருஷக் கடைசியில் இவ்வளவு என்று கட்டம் போட்டுக் காட்டிய கணக்கு. ‘மூளையோடு பேசாதே, மனசோடு பேசு’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரிய மோசடிக்காரர்கள் எல்லாம் மூளையோடுதான் பேசியிருக்கிறார்கள். தெளிவாக, எண்ணோடு, நிதானமாக.

எதிர்த்தரப்பில் வலுவான ஒரு வாதம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கப் போவதில்லை. சிவப்பழகு கிரீம். அது உணர்ச்சியை மட்டுமே விற்றது என்பார்கள். 1975இல் சந்தைக்கு வந்த ஒரு கிரீம், 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. சொல்தான் விற்றது என்றால், சொல் போன அன்றைக்கே பொருளும் போயிருக்க வேண்டும். எங்கள் தெருக்கோடிக் கடையில் அந்தச் சின்னப் பாக்கெட் இன்றும் சரமாகத் தொங்குகிறது. பெண் பார்க்க வந்துவிட்டு “பிள்ளை லட்சணமாத்தான் இருக்கு, நிறம்தான் கொஞ்சம் மட்டு” என்று சொல்லிக் காபி டம்ளரைக் கீழே வைத்தவர்கள் விளம்பரக் கம்பெனியிலிருந்து வரவில்லை, நம் சொந்தக்காரர்கள். வெயிலில் மிளகாய் பொறுக்கிய பிள்ளையின் முகத்தில் அந்த இளிவரலை ஏற்றியது நாம். அந்தப் புண்ணில் கைவைத்துச் சம்பாதித்தவனைக் குற்றம் சொல்லத்தான் வேண்டும், நானும் சொல்கிறேன். ஆனால் சொல்லை மாற்றினால் புண் ஆறிவிடும் என்று நினைப்பது, சொல்தான் புண்ணை உண்டாக்கியது என்ற அதே தவறான எண்ணத்தின் மறுபக்கம்.

இனி இந்தக் கட்டுரையை எழுத உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரிசக்காட்டுக் கிராமங்களில், டீக்கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ‘சுமங்கலி திட்டம்’ என்று தலைப்பு. சிலதில் ‘திருமகள் திருமணத் திட்டம்’, சிலதில் ‘மாங்கல்யத் திட்டம்’. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களுக்குப் பெண்பிள்ளைகளை ஆளெடுக்கிற நோட்டீஸ். மூன்று வருஷம் மில்லிலேயே தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000, 40,000, 50,000 என்று மில்லுக்கு மில் ஒரு தொகை. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஓய்வில்லாத வேலைநேரம், வெளியே விடாத விடுதி, நோய், நடுவில் திரும்பியவர்களுக்குக் கைக்கு வராத தொகை என்று எல்லாம் வெளியே வந்தது.

இதை எழுதிய, பேசிய எல்லோரும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ‘சுமங்கலி’ என்று பெயர் வைத்துத் தமிழ்க் குடும்பங்களின் ஆழமான உணர்ச்சியைச் சுரண்டினார்கள் என்றார்கள். விளம்பர வகுப்புகளிலும் இதை ஓர் உதாரணமாகச் சொல்கிறார்கள். பாருங்கள், ஒரே ஒரு சொல், ஆயிரக்கணக்கான அப்பாமார்கள் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டார்கள் என்று. கேட்டால் சரியாகத்தான் தோன்றும்.

புதூர்ப் பக்கத்து ஊரில் எனக்குச் சித்தப்பா முறை ஒருவர். நாலு ஏக்கர் மானாவாரி. அவர் கைக்கு வந்த நோட்டீஸ் ரோஸ் நிறத் தாள். மேலே பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணின் படம், நடுவில் திட்டத்தின் பெயர், கீழே ‘3 வருடம், 40,000 ரூபாய், உணவு, தங்குமிடம், பாதுகாப்பு’ என்று நாலு வரி, ஒரு செல் நம்பர். அச்சகத்தின் பெயர்கூட இல்லை. அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். ரெண்டு வருஷமாக உளுந்து வீட்டுக்கு வரவில்லை. பிள்ளை தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனால் வாரத்துக்கு என்ன வரும், அதில் வீட்டுக்கு என்ன மிஞ்சும், அங்கே போனால் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மறுநாள் ஆளெடுக்க வந்த ஏஜெண்டிடம் மூன்று கேள்வி கேட்டார். ராத்திரி விடுதியில் பொறுப்பாக இருப்பது ஆணா பெண்ணா? பொங்கலுக்கு விடுவார்களா? துட்டு கையில் வருமா, பேங்கில் வருமா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் சம்மதித்தார்.

சந்தையில் கிடாயின் முதுகை அழுத்திப் பார்த்தவர் செய்ததையேதான் இவரும் செய்தார். எட்டுகிற தூரம்வரை கைவைத்துப் பார்த்தார். எட்டாத இடத்தில் ஒரு சொல் இருந்தது. மில் ஆபீஸில் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தில், இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொன்னால் பயிற்சி பெறுபவர்.

அந்தச் சொல்லில் ஒரு சொட்டு உணர்ச்சி கிடையாது. அழகு கிடையாது, ஆசை காட்டல் கிடையாது. தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷத்துச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. மூன்று வருஷம் முழுக்கப் பஞ்சுத் தூசியில் நின்று மெஷின் ஓட்டுகிற பிள்ளையைப் பயிற்சி பெறுபவர் என்று எழுதிவிட்டால், நிரந்தரத் தொழிலாளிக்குரிய கூலியையும் உரிமையையும் அவளுக்குக் கொடுக்காமல் கழித்துவிடலாம் என்று மில்கள் கண்டுகொண்டன. கல்யாணத்துக்கு என்று கடைசியில் கொடுத்த தொகையே, அவளுக்கு மாதாமாதம் வந்திருக்க வேண்டிய கூலியிலிருந்து பிடித்து வைத்ததுதான். அவளுடைய காசை அவளுக்கே பரிசாகக் காட்டினார்கள். இந்த வித்தையை நடத்திக்கொடுத்தது ‘சுமங்கலி’ அல்ல. அந்த வறண்ட, அரசாங்கக் கடிதம் போன்ற, யாரும் திரும்பிப் பார்க்காத சொல்.

சித்தப்பா மகள் முப்பத்தோராவது மாதம் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தாள். தொகை கேட்டபோது, பயிற்சியை முடிக்கவில்லையே என்றார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை எங்கள் குடும்பம் முதன்முதலாகக் கேட்டது.

ரொம்ப நாள் கழித்து, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். “சித்தப்பா, சுமங்கலின்னு போட்டிருந்ததைப் பார்த்துத்தான் ஏமாந்துட்டீங்களோ?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏய்யா, பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணணும்னு நோட்டீஸ் பாத்தா எனக்குத் தெரியணும்? வீட்டுல ரெண்டு பிள்ளை நிக்குதுல்ல. நான் கேட்டது துட்டு எப்ப வரும், எப்படி வரும்னு. அவன் சொல்லாம விட்டதை நான் எப்படிய்யா கேக்க முடியும்?”

ஒரு முழுப் பயிற்சி வகுப்பு எனக்குச் சொல்லித் தராததை அவர் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். ஆசையும் பயமும் வாசகனிடம் ஏற்கெனவே இருப்பவை. விளம்பரம் எழுதுகிற நான் கொண்டுபோய்க் கொடுப்பது இல்லை. நான் கொடுக்க வேண்டியது, அவன் கைவைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம். அதில் ஒன்றை மறைத்தாலும் மீதியை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது மோசடி. எதையும் மறைக்கவில்லை என்றால், பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

இதில் என் கைக்கும் அழுக்கு உண்டு. ஜவுளிக்கடை நோட்டீஸில் ‘50 சதவீதம் தள்ளுபடி’ என்பதை விரல் பருமனுக்கு வைத்து, ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்பதை எறும்பு அளவுக்கு வைக்கச் சொன்னபோதெல்லாம் வைத்திருக்கிறேன். அந்த எறும்பெழுத்தும் பல நோட்டீஸ்களில் தமிழில் இருக்காது. கூப்பிடுகிற குரல் தமிழில், கைகழுவுகிற குரல் இங்கிலீஷில். 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், விளம்பரத்தில் உறுதிமொழி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை, மறுபடி செய்தால் 50 லட்சம்வரை அபராதம் போட 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சொல்லின் அழகைப் பற்றி அந்த விதிகள் கவலைப்படவில்லை. எது எங்கே, எந்த மொழியில், எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்கின்றன. நம் விளம்பர வகுப்புகளில் நாள் முழுக்க உணர்ச்சியைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்த விதிக்கு அரைமணி நேரம் ஒதுக்கட்டும். நான் அந்த வகுப்பிலிருந்து வந்த பிறகு, நிபந்தனையைச் சின்ன எழுத்தில் கேட்கிற வேலையை எடுப்பதில்லை. இரண்டு கடைகள் வேறு ஆளிடம் போய்விட்டன.

சித்தப்பா போட்ட கணக்கு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ரோஸ் நிறம் வெளுத்து, படத்திலிருந்த பெண்ணின் முகம் பாதி உதிர்ந்துவிட்டது. பின்பக்கத்துப் பென்சில் மட்டும் அழியவில்லை. 40,000 ரூபாயை 36 மாதத்தால் வகுத்திருக்கிறார். மாதத்துக்கு 1,111. அதன் கீழே ஒரு கோடு போட்டு, மீதி 4 என்று எழுதி, அந்த நாலு ரூபாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.